பகுக்காமலே அறியலாமா?

தெம்பனிஸ் வட்டாரத்தில் பல தெருக்களை எண்களைக் கொண்டே அடையாளம் காண்கிறோம். தெம்பனிஸ் ஸ்திரீட் 11, ஸ்திரீட் 21, ஸ்திரீட் 41, ஸ்திரீட் 81, ஸ்திரீட் 91 என்பன அவற்றுள் சில. இந்த ஐந்து எண்களில் எவை பகா எண்கள்? 11, 41 ஆகிய இரண்டையும் உடனே சொல்லிவிடுவோம். 21 என்பது 3 × 7. 81 என்பது 9 × 9. எஞ்சியிருப்பது 91. அது இரட்டை எண் அன்று. 3ஆலோ 5ஆலோ மீதியின்றி வகுபடுவதும் இல்லை. அதனால் பலரும் அதைப் பகா எண் என்றே நினைப்பார்கள். ஆனால் 7 × 13 = 91. ஆகவே, அது பகு எண்.

‘பகு’ என்றால் பிரி என்று பொருள். 1ஐவிடப் பெரியதாக இருந்து, 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண் பகா எண். மற்ற எண்களால் வகுபடக்கூடியது பகு எண். அவ்வாறு மீதியின்றி வகுக்கும் எண்களைக் காரணிகள் என்கிறோம். 1 என்ற எண் இரு வகையிலும் சேராது.

இலக்கணப் பாடத்திலும் இதே சொல்லைச் சந்தித்திருப்பீர்கள். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. ‘படித்தான்’ என்பதைப் படி + த் + த் + ஆன் என்று பிரிக்கலாம், அது பகுபதம். ‘நிலம்’, ‘நீர்’ போன்றவற்றை அவ்வாறு பிரிக்க இயலாது, அவை பகாப்பதங்கள். எண்களிலும் அப்படித்தான். 12 என்பதை 2 × 2 × 3 என்று பிரிக்கலாம். அதற்குமேல் பிரிக்க முடியாத 2, 3 ஆகியவையே அதன் அடிப்படை உறுப்புகள். 1ஐவிடப் பெரிய ஒவ்வொரு முழு எண்ணும் ஒரு பகா எண்ணாக இருக்கும். அல்லது பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு வகையில் அமையும்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ‘படித்தான்’ பகுபதம் என்பதை மெய்ப்பிக்க, அதைப் பிரித்துக் காட்டுகிறோம். ஓர் எண் பகு எண் என்பதை அறியவும் அதைப் பிரித்துத்தான் ஆக வேண்டுமா? பிரிக்காமலே அறிய வழி உண்டா? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் இன்று இணையத்தில் நம் செய்திகளைக் காக்கும் பூட்டுகளுக்கு அடிப்படையாக இருக்கிறது.

வகுத்துப் பார்ப்பதன் சிக்கல்

91ஐச் சோதிக்க 2 முதல் 90 வரை எல்லா எண்களாலும் வகுக்கத் தேவையில்லை. 10 × 10 = 100 என்பது 91ஐவிடப் பெரியது. எனவே, 91க்குக் காரணிகள் இருந்தால் அவற்றுள் ஒன்றாவது 10ஐவிடச் சிறியதாக இருக்க வேண்டும். 2, 3, 5, 7 ஆகிய நான்கு எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும்.

சிறிய எண்களுக்கு இந்த வழி நன்றாகவே பயன்படும். 100 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். அதைச் சோதிக்க, 50 இலக்க எண்கள்வரை வகுத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு கணினி நொடிக்கு ஒரு டிரில்லியன், அதாவது 1,000,000,000,000 முறை வகுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் எண்ணாக வகுத்துச் சென்றால், அது வேலையை முடிக்க எடுக்கும் ஆண்டுகளின் எண்ணிக்கையே 31 இலக்கங்களில் அமையும். நம் பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 13.8 பில்லியன் ஆண்டுகள்; அந்த எண்ணுக்கு 11 இலக்கங்களே உள்ளன. கணினியின் வேகத்தை ஆயிரம் மடங்கு கூட்டினாலும் பயனில்லை. வேறு வழிதான் தேவை.

மீதி சொல்லும் செய்தி

அந்த வேறு வழியின் தொடக்கம் பிரான்சில் கிடைத்தது. பியேர் டெ ஃபெர்மா என்ற கணிதவியலாளர் 1640இல் எழுதிய ஒரு கடிதத்தில் பகா எண்களின் ஒரு பண்பைக் குறிப்பிட்டார். அதை இப்படிச் சொல்லலாம்: 2ஐவிடப் பெரிய ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அத்தனை முறை 2ஐ 2ஆல் பெருக்குங்கள். வரும் விடையை அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி எப்போதும் 2ஆக இருக்கும்.

7ஐ எடுத்துக்கொள்வோம். ஏழு 2களைப் பெருக்கினால் 2⁷ = 128. 128ஐ 7ஆல் வகுத்தால் மீதி 2. அடுத்து 11. 2¹¹ = 2,048. அதை 11ஆல் வகுத்தாலும் மீதி 2. இப்போது 9ஐச் சோதிப்போம். 2⁹ = 512. அதை 9ஆல் வகுத்தால் மீதி 8. மீதி 2ஆக இல்லாததால் 9 பகா எண்ணாக இருக்க முடியாது.

தெரு எண்ணாக வந்த 91ஐயும் இவ்வாறே சோதிக்கலாம். 2⁹¹ மிகப் பெரிய எண். ஆனால் நமக்கு அந்த எண் தேவையில்லை. மீதி மட்டுமே தேவை. 2¹² = 4,096. அதை 91ஆல் வகுத்தால் மீதி 1. எனவே, பன்னிரண்டு 2கள் சேர்ந்த ஒவ்வொரு தொகுதியும் 1ஐ மட்டுமே மீதியாகத் தரும். 91 என்பது 12 × 7 + 7. ஏழு தொகுதிகள் போக, ஏழு 2கள் எஞ்சும். 2⁷ = 128. அதை 91ஆல் வகுத்தால் மீதி 37. மீதி 2 இல்லை. ஆகவே, 91 பகு எண். இந்தக் கணக்கில் 91இன் காரணிகளைத் தேடி நாம் ஒரு முறைகூட வகுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 7, 13 ஆகிய காரணிகள் தெரியாமலே அது பகு எண் என்று அறிந்துகொண்டோம்.

பெரிய எண்களுக்கும் இது விரைவாக முடிந்துவிடும். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் அடுக்கு இரு மடங்காகும். 2இலிருந்து 2², 2⁴, 2⁸ என்று தாவித் தாவிச் செல்லலாம். ஒவ்வொரு படியிலும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் எண்ணும் அளவுக்கு மீறி வளராது. 100 இலக்க எண்ணைச் சோதிக்க 700க்கும் குறைவான பெருக்கல்களே போதும். ஒரு கணினிக்கு இது நொடிப்பொழுதில் முடியும் வேலை.

கரும்பலகையில் ஒரு பெருக்கல்

பகு எண் என அறிவதும் காரணிகளைக் கண்டுபிடிப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதைக் கணித வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி நன்றாகக் காட்டுகிறது.

மரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி, 2இன் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் கிடைக்கும் எண்களை ஆராய்ந்தார். 2³ − 1 = 7, 2⁵ − 1 = 31, 2⁷ − 1 = 127 ஆகியவை பகா எண்கள். 2¹¹ − 1 = 2,047 அப்படியில்லை; அது 23 × 89. எந்த அடுக்குகளில் பகா எண்கள் கிடைக்கும் என்று 1644இல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 2⁶⁷ − 1 என்ற எண்ணும் இருந்தது. அது 21 இலக்கங்கள் கொண்டது.

இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகியும் அது சரியா தவறா என்பது தெளிவாகவில்லை. 1876இல் எடுவார் லூக்கா என்ற கணிதவியலாளர், மீதிகளைக் கொண்டு செய்யும் வேறொரு சோதனையால் அது பகு எண் என்று காட்டினார். ஆனால் அதன் காரணிகள் எவை என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

மேலும் 27 ஆண்டுகள் சென்றன. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற பேராசிரியர் உரையாற்ற எழுந்தார். அவர் ஒரு சொல்கூடப் பேசாமல் கரும்பலகையில் 2⁶⁷ − 1ஐக் கணக்கிட்டு 147,573,952,589,676,412,927 என்று எழுதினாராம். பிறகு, பலகையின் மற்றொரு பகுதியில் 193,707,721 × 761,838,257,287 என்று எழுதிப் பெருக்கத் தொடங்கினாராம். அதே விடை வந்ததும் மௌனமாகத் தம் இடத்துக்குத் திரும்பினார், அரங்கம் கைதட்டியது என்று சொல்வார்கள். இதற்கு எவ்வளவு காலம் ஆனது என்று பின்னர் ஒருவர் கேட்டதற்கு, “மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள்” என்று அவர் விடை கூறியதாகவும் ஒரு செய்தி உண்டு.

அந்தப் பெருக்கலைச் சரிபார்க்க ஒரு மணி நேரம் போதும். அந்த இரு எண்களையும் கண்டுபிடிக்கவோ ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது.

வேடமிடும் எண்கள்

ஃபெர்மா கூறிய பண்பு பகா எண்கள் அனைத்துக்கும் உண்டு. அப்படியானால், மீதி 2 வந்தாலே அந்த எண் பகா எண் என்று முடிவு செய்யலாமா? முடியாது. 341ஐப் பாருங்கள். 2¹⁰ = 1,024. அதை 341ஆல் வகுத்தால் மீதி 1. 341இல் முப்பத்து நான்கு பத்துகளும் ஒரு ஒன்றும் உள்ளன. ஆகவே, 2³⁴¹ஐ 341ஆல் வகுத்தால் மீதி 2. ஆனால் 341 = 11 × 31. பகு எண்ணான அது, பகா எண்ணைப் போல வேடமிட்டுச் சோதனையில் தேறிவிடுகிறது!

2க்குப் பதில் 3ஐப் பயன்படுத்தினால் 341இன் வேடம் கலையும். பகா எண்ணாக இருந்தால் மீதி 3 வர வேண்டும். ஆனால் 168 வருகிறது. இருப்பினும், எந்த எண்ணைப் பயன்படுத்தினாலும் வேடம் கலையாத எண்களும் உள்ளன. அவற்றுள் மிகச் சிறியது 561. அது 3 × 11 × 17 ஆகும். இத்தகைய எண்கள் முடிவில்லாமல் உள்ளன என்பது 1994இல் நிறுவப்பட்டது.

பிற்காலத்தில் இதைவிடக் கூர்மையான சோதனைகள் வந்தன. ஆயினும், ஒவ்வொன்றிலும் ஒரு குறை இருந்தது. சில சோதனைகள் விரைவானவை. ஆனால் அரிதாகத் தவறக்கூடியவை. சில சோதனைகள் குறிப்பிட்ட வடிவிலுள்ள எண்களுக்கு மட்டுமே பொருந்தின. வேறு சில, இன்னும் நிறுவப்படாத கருதுகோள்களை நம்பியிருந்தன. எல்லா எண்களுக்கும் பொருந்தி, விரைவாக முடிந்து, ஒருபோதும் தவறாமல், எந்தக் கருதுகோளையும் நம்பாமல் இயங்கும் சோதனை உண்டா என்ற கேள்வி நீண்ட காலம் விடையின்றி நின்றது.

கான்பூரிலிருந்து வந்த விடை

2002 ஆகஸ்ட் மாதத்தில் அந்த விடை இந்தியாவிலிருந்து வந்தது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் மணீந்திர அகர்வால், அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவரும் அதைக் கண்டறிந்தார்கள். மாணவர் இருவரும் அவ்வாண்டில்தான் தங்கள் இளநிலைப் பட்டப்படிப்பை முடித்திருந்தார்கள். அகர்வால் கான்பூரில் ஆசிரியராவதற்கு முன்பு, சென்னையில் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கணிதப் பள்ளியில் ஆய்வாளராக இருந்தவர்.

அவர்களது சோதனையின் அடிப்படையைப் பாஸ்கல் முக்கோணத்தைக் கொண்டு விளக்கலாம். அந்த முக்கோணத்தின் ஒவ்வொரு வரிசையும் 1இல் தொடங்கி 1இல் முடியும். இடையிலுள்ள ஒவ்வோர் எண்ணும் அதற்கு மேலே உள்ள இரண்டு எண்களின் கூட்டுத்தொகை. ஏழாம் வரிசை 1, 7, 21, 35, 35, 21, 7, 1 என்று அமையும். இருபுறமும் உள்ள 1ஐ விட்டுவிட்டால், மற்ற எல்லா எண்களும் 7ஆல் மீதியின்றி வகுபடுகின்றன. ஆறாம் வரிசை 1, 6, 15, 20, 15, 6, 1. இதில் 15உம் 20உம் 6ஆல் மீதியின்றி வகுபடுவதில்லை. பகா எண்ணுக்குரிய வரிசையில் இடையிலுள்ள எல்லா எண்களும் அதனால் வகுபடும். பகு எண்ணுக்குரிய வரிசையில் ஓர் எண்ணாவது வகுபடாமல் நின்று அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சோதனையில் 561கூட வேடமிட முடியாது.

ஆனால் 100 இலக்க எண்ணுக்குரிய வரிசையில் எண்களின் எண்ணிக்கையே 100 இலக்கங்களில் அமையும். அதை எழுதி முடிக்க எந்தக் கணினியாலும் இயலாது. மூவரும் இங்குதான் ஒரு புதிய வழியைக் கண்டார்கள். நீளமான ரிப்பனை ஒரு சிறு வளையத்தின்மேல் சுற்றினால், அதன் பல பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து படியும். அதுபோல நீண்ட வரிசையைச் சிறு வளையமாகச் சுற்றி, ஒரே இடத்தில் விழும் எண்களைக் கூட்டி, மீதிகளை மட்டும் பார்க்கலாம். அப்படிச் சுற்றும்போது தகவல் குறைந்துவிடும். ஏதேனும் ஒரு பகு எண் தப்பிவிடாதா என்ற ஐயம் எழும். வளையத்தின் அளவைச் சரியாகத் தேர்ந்து, சில முன்சோதனைகளையும் செய்து, இதே போன்ற வேறு சில வரிசைகளையும் சோதித்தால் எந்தப் பகு எண்ணும் தப்ப முடியாது என்று அவர்கள் நிறுவினார்கள். இலக்கங்கள் கூடினாலும் வேலை கட்டுக்கடங்காமல் பெருகாது என்பதையும் காட்டினார்கள்.

அவர்கள் முதலில் வெளியிட்ட கட்டுரை ஒன்பது பக்கங்களே கொண்டது. சில நாள்களிலேயே உலகெங்கும் உள்ள கணிதவியலாளர்கள் அதைப் படித்துச் சரிபார்த்தார்கள். 2004இல் அது ‘ஆனல்ஸ் ஆஃப் மேத்தமெட்டிக்ஸ்’ என்ற ஆய்விதழில் வெளிவந்தது. 2006இல் கோடெல் விருதும் ஃபுல்கர்சன் விருதும் மூவருக்கும் கிடைத்தன.

பூட்டும் சாவியும்

பெரிய பகா எண்களால் நமக்கு என்ன பயன்? 1977இல் அமெரிக்காவில் ரான் ரிவெஸ்ட், அடி ஷமீர், லெனர்ட் ஏடல்மன் ஆகிய மூவரும் ஒரு பூட்டுமுறையை உருவாக்கினார்கள். இரண்டு பெரிய பகா எண்களை இரகசியமாக வைத்துக்கொண்டு, அவற்றின் பெருக்கலை மட்டும் எல்லாருக்கும் அறிவிப்பதே அதன் அடிப்படை. அறிவிக்கப்பட்ட எண்ணைக் கொண்டு யார் வேண்டுமானாலும் செய்தியைப் பூட்டி அனுப்பலாம். ஆனால் இரகசியமான இரு பகா எண்களையும் அறிந்தவரால் மட்டுமே அதைத் திறக்க முடியும். கோல் ஞாயிற்றுக்கிழமைகளில் பட்ட பாட்டை, இந்தப் பூட்டை உடைக்க முயல்பவரும் படவேண்டும் என்பதே திட்டம்.

அத்தகைய பூட்டைச் செய்ய, ஏறத்தாழ 300 இலக்கங்கள் கொண்ட பகா எண்கள் தேவைப்படுகின்றன. அந்த அளவிலுள்ள எண்களில் ஏறத்தாழ 690க்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். எனவே, கணினி ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்துச் சோதிக்கிறது. பகா எண் இல்லையென்றால் வேறோர் எண்ணை எடுக்கிறது. விரைவான சோதனை இல்லாவிட்டால் இந்தப் பூட்டையே செய்ய முடியாது. நடைமுறையில் கணினிகள் கான்பூர் சோதனையைப் பயன்படுத்துவதில்லை. அதைவிட வேகமான, ஆனால் மிக மிக அரிதாகத் தவறக்கூடிய சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து, தவறும் வாய்ப்பை இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைத்துவிடுகின்றன. விரைவும் உறுதியும் ஒரே சோதனையில் சேர்ந்திருக்க முடியும் என்று நிறுவியதே கான்பூர் மூவரின் சாதனை.

ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாக அறிய முடிந்ததால் இந்தப் பூட்டு உடைந்துவிடுமா? உடையாது. அந்தச் சோதனை, ஓர் எண் பகு எண் என்பதைச் சொல்லும், காரணிகளைச் சொல்லாது.

ஆயினும், பூட்டு என்றென்றும் உறுதியாக இருக்கும் என்று சொல்லவும் முடியாது. 1977இல் 129 இலக்க எண் ஒன்று புதிராக வெளியிடப்பட்டது. அதன் காரணிகளைக் காணக் கற்பனைக்கெட்டாத காலம் ஆகும் என்று அன்று கருதப்பட்டது. ஆனால் 1994இல், ஏறத்தாழ 600 தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளை இணையம் வழியாக இணைத்துச் சில மாதங்களில் அதைப் பகுத்துவிட்டார்கள். அதே ஆண்டில் பீட்டர் ஷோர் என்ற கணிதவியலாளர், ஆற்றல்மிக்க குவாண்டம் கணினி உருவானால் அது பெரிய எண்களை விரைவாகப் பகுத்துவிடும் என்று காட்டினார். அத்தகைய கணினியை எதிர்கொள்ளக்கூடிய புதிய பூட்டுமுறைகளை உலக நாடுகள் இப்போதே தேடுகின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கப்பட்ட குவாண்டம் தொழில்நுட்ப நிலையத்தின் ஆய்வாளர்களும் இத்துறையில் ஈடுபட்டுள்ளார்கள்.

இன்னும் திறக்காத எண்

2024 அக்டோபரில் லூக் டூரன்ட் என்ற அமெரிக்கர், அதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பெரிய பகா எண்ணைக் கண்டறிந்தார். அதுவும் மெர்சென் ஆராய்ந்த வடிவிலுள்ள எண்தான்: 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. அதற்கு 41,024,320 இலக்கங்கள் உள்ளன. ஒரு பக்கத்தில் 3,000 இலக்கங்களை அச்சிட்டால் 13,600க்கும் மேற்பட்ட பக்கங்கள் தேவைப்படும். ஆனால் அந்த எண்ணைக் கொண்டு யாரும் பூட்டுச் செய்ய மாட்டார்கள். உலகமே அறிந்த எண் எப்படி இரகசியச் சாவியாகும்?

அதே வடிவில், அதைவிட மிகச் சிறிய இன்னோர் எண் உண்டு. 2¹²⁷⁷ − 1 என்ற அந்த எண்ணுக்கு 385 இலக்கங்களே உள்ளன. இந்த நூலின் ஒரு பக்கத்தில் அதை எழுதிவிடலாம். அது பகா எண் அன்று. பகு எண்தான் என்பது ஐயமின்றித் தெரியும். பல ஆண்டுகளாகப் பலர் கணினிகளைக் கொண்டு தேடியும், 1ஐயும் அந்த எண்ணையும் தவிர அதன் காரணிகளுள் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை.